பெண்மக்கள் முன்நிற்க, நாம் பின்நிற்போம்

(பங்கின் பொன்விழாவை முன்னிட்டுக் கூடிய தாய்மார், இளம்பெண்கள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் நம்மிடம் வந்து, "சாமி, பங்கோட அம்பது வருச வளர்ச்சியைப் பத்தி நீங்க அரைமணி நேரம் பேசணும்" என்று கேட்டுக்கொண்டார்கள். கோவில் எழும்பிய வரலாறு, மணிக்கூண்டு கட்டிய வரலாறு, பள்ளி பெருகிய வரலாறு ஆகியவற்றை இம்மலரில் மற்றவர்கள் எழுதுகிறார்கள். ஆகையால் நாம் வேறொன்றைப் பேச அனுமதி கேட்டோம். கொடுத்தார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

இம்மலருக்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். ஐம்பது ஆண்டுகளில் தலைவர், செயலர், பொருளர் என்று பணியாற்றியவர்களின் பட்டியல் கிடைத்தது. அதில் பெண் பெயர் ஒன்றேனும் உண்டா என்று தேடினோம். ஒன்றுகூட இல்லை. ஆனால் இக்கோவில் எழும்பியபோது ஆற்றுமணல் சுமந்தவர்களில் பாதிக்குமேல் பெண்கள் என்று முதியவர்கள் சொல்கிறார்கள். அவர்களில் நால்வர் இன்றும் நம் நடுவே அமர்ந்திருக்கிறார்கள். கூட்டுவதும் கோலமிடுவதும் பூக்கட்டுவதும் பாடுவதும் அவர்கள். கூடி முடிவெடுப்பது மட்டும் மற்றவர்கள். அடுத்த ஐம்பது ஆண்டும் இப்படியே போக வேண்டுமா? இதுவே இன்று நாம் கேட்கும் கேள்வி.

பிறர் குற்றத்தைப் பேசுமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுவது முறை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒரு பேருந்தின் கதை

2004ஆம் ஆண்டில் நாம் வேறொரு பங்கில் இருந்தோம். இளங்குரு; வேகமும் இருந்தது, நம்மால் எல்லாம் ஆகும் என்ற நினைப்பும் இருந்தது. அப்பங்கின் கிளைக்கிராமம் ஒன்றிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு ஐந்து கிலோமீட்டர். பேருந்து ஊருக்குள் வராமல் முக்குரோட்டோடு திரும்பிவிடும். பையன்கள் சைக்கிளில் போனார்கள். பெண்பிள்ளைகள் நடந்தார்கள். வழியெல்லாம் கருவேலங்காடு, மார்கழி மாதத்தில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். எட்டாம் வகுப்போடு பலரும் நின்றுபோனார்கள். பெற்றோரைக் குறைசொல்வதற்கில்லை.

அவ்வூரில் பத்தாவது படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக் கொடுப்பவள், ஒரு நாள் மாலை இரண்டு தோழிகளோடு பங்கு இல்லத்துக்கு வந்தாள். கையில் கோடுபோட்ட தாளில் எழுதிய ஒரு மனு. அதன் கீழே ஊராரின் கையொப்பங்கள், கைநாட்டுகள். இன்னொரு தாளில், எந்த வீட்டுப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது என்று ஒரு பட்டியல். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தானே வீடுவீடாகப் போய் எழுதியிருக்கிறாள்.

"சாமி, நாளைக்கு டிப்போவுக்குப் போறோம். எங்கம்மாவும் கூட வர்றாங்க. அங்க யாரைப் பாக்கணும், எப்படிப் பேசணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

சொல்லிக் கொடுங்கள் என்றுதான் கேட்டாள். செய்து கொடுங்கள் என்று கேட்கவில்லை. அந்த வேற்றுமை அன்று நம் செவியில் ஏறவில்லை. "உங்களுக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? பரீட்சைக்குப் படிங்க. நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி அத்தாள்களை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டோம்.

நாம் சும்மா இருந்துவிடவில்லை. வெள்ளை அங்கியைக் கண்டால் அலுவலகத்தில் ஒரு நாற்காலியாவது கிடைக்கும். மூன்று முறை போனோம். நான்காம் மாதம் பேருந்து ஊருக்குள் வந்தது. வாழைமரம் கட்டினார்கள், வெடி வைத்தார்கள், நமக்கு மாலை போட்டார்கள். அப்பெண் கூட்டத்தின் கடைசியில் நின்று கைதட்டினாள். அதற்குப்பிறகு எந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு அவள் நம்மிடம் வரவில்லை.

நமக்கு மாற்றல் ஆயிற்று. பல ஆண்டுகள் கழிந்து அவ்வூர்த் திருவிழாவுக்குப் பிரசங்கம் செய்யப் போனோம். இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய் ஆசீர் கேட்டு வந்தாள். அவளேதான். "பஸ்ஸெல்லாம் ஒழுங்கா வருதாம்மா?" என்று சற்றுப் பெருமையோடு கேட்டோம்.

"அது நின்னு ஆறு வருசம் ஆச்சு சாமி. யாரைப் போய்ப் பாக்கணும்னு எங்களுக்குத் தெரியலையே. நீங்கதானே போனீங்க" என்றாள்.

நம்மைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அன்று நமக்குப் பிரசங்கம் சரியாக வரவில்லை. பேருந்தைக் கொண்டுவந்தோம், பேருந்தைக் கொண்டுவரக்கூடிய ஒருத்தியை இழந்தோம். நாம் மாறிப்போனதும் பேருந்தும் போயிற்று. அவள் அன்று போயிருந்தால் ஒருவேளை ஐந்து முறை அலைந்திருப்பாள். ஆனால் அந்த வழி அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளிடமிருந்து பத்துப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

புதுக்கோட்டைச் சைக்கிள்

வெட்கப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செய்யவேண்டிய முறையை அதற்குமுன்பே நம் கண்ணால் பார்த்திருந்தோம்.

நம் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1991ஆம் ஆண்டில் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் இயக்கம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். 'அ, ஆ'வுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. சம்பந்தம் இருந்தது. தண்ணீர்க்குடத்துக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும், கணவனையோ அண்ணனையோ எதிர்பார்த்து நின்ற பெண், தானாகப் போய்த் தானாகத் திரும்பினாள். கல்லுடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியைகள் எனப் பலரும் கற்றார்கள். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடிகட்டி மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் போனார்கள். மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் கடையில் கிடைக்காமற்போகவே ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம்!

அவ்வாண்டு கோடை விடுமுறைக்குக் குருமடத்திலிருந்து ஊருக்குப் போயிருந்தோம். மாலையில் பள்ளிக்கூடத் திடலில் நம் மதினி சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகளின் தாய். சொல்லிக் கொடுத்தவளோ பக்கத்துத் தெருவைச் சேர்ந்த பதினான்கு வயதுப் பெண். போன மாதம் கற்றுக்கொண்டவள். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். "முன்ன பாருங்கக்கா, கீழ பாக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். ஒரு கட்டத்தில் கையை எடுத்துவிட்டாள். மதினிக்கு அது தெரியாது. திடலைப் பாதி சுற்றிய பிறகு திரும்பிப் பார்த்தார். பிடிக்கிறவள் தொலைவில் நின்று சிரிக்கிறாள்! உடனே விழுந்தார், முழங்கையில் சிராய்ப்பு. அடுத்த நாள் விழவில்லை. பத்து நாள் கழித்து மதினி இன்னொருத்தியின் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அன்பர்களே, வழிநடத்துதல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் நாம் படித்ததில்லை. பிடிக்காமல் விட்டால் ஏறியவள் முதல் சுற்றிலேயே விழுவாள், மறுபடி ஏறமாட்டாள். பிடித்த கையை எடுக்காமலே இருந்தால் என்றைக்கும் கற்கமாட்டாள். நாமே ஏறி ஓட்டி, அவளைப் பின்னால் உட்காரவைத்தால் ஊர் போய்ச் சேருவாள். ஆனால் சைக்கிள் நம்முடையதாகவே இருக்கும். 2004ல் நாம் செய்தது இந்த மூன்றாவது. இன்றும் பெற்றோர் பலர், ஆசிரியர் பலர், குருக்கள் பலர் அன்பின் பெயரால் இதையே செய்கிறோம்.

ஒரு விளக்கிலிருந்து இன்னொன்று

கற்றவள் இன்னொருத்திக்குக் கற்பிக்கிறாள் என்றோமே, அது எவ்வளவு தூரம் போகும்? நூறாண்டுக்கு முந்தைய ஒரு வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அதில் நம் திருச்சபைக்கும் சிறு பங்கு உண்டு.

1886ல் பிறந்தவர் சகோதரி சுப்பலட்சுமி. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த பிராமணக் குடும்பம். அக்கால வழக்கப்படி பன்னிரண்டு வயது நிறையுமுன்பே திருமணம். அடுத்துச் சில காலத்திலேயே கைம்மை. அக்காலத்தில் அத்தகைய சிறுமிக்கு விதிக்கப்பட்டது தலைமழிப்பும் வெள்ளைச் சேலையும் வீட்டின் பின்கட்டும். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அதற்கு இணங்கவில்லை. மகளைப் படிக்கவைத்தார். அதற்காக உற்றார் உறவினரின் ஏச்சைத் தாங்கினார். அவர் வீட்டிலேயே இருந்த, தானும் விதவையான ஒரு சித்தி அவருக்குத் துணைநின்றார். தந்தையும் சித்தியும் பிடித்த கைகள் முதற்கைகள்.

பிறகு சென்னையில் பிரசன்டேஷன் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். 1842ஆம் ஆண்டிலேயே அயர்லாந்திலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்த சபை அது. வீடும் நாடும் துறந்து, பிறர் பிள்ளைகளுக்காக உழைத்த அக்கன்னியரின் வாழ்வு அவர் உள்ளத்தில் பதிந்தது. தம்மைப் போன்ற இளம் விதவைகளுக்குத் தாமும் அவ்வாறே உழைக்கலாமே என்று எண்ணினார். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர் இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். கன்னியர் அவரைத் தங்கள் சாயலில் வார்க்கவில்லை. அவர் தம் சொந்தப் பாதையில் நடக்கத் தெம்பு கொடுத்தார்கள். வழிநடத்துகிறவர் தம் நகல்களை உண்டாக்கக்கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

1911ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அன்றைய சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை அவரே. அந்நாளில் பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்தவர் கிறிஸ்டினா லிஞ்ச் என்ற ஐரிஷ் மாது. அவருடைய கவலை வேறு. பெண்கள் பள்ளி திறக்க அரசு தயார்; ஆனால் கற்பிக்க ஆசிரியைகள் இல்லை. ஆண் ஆசிரியர் என்றால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். ஒருபுறம் ஆசிரியை இல்லாத பள்ளிகள். மறுபுறம் வாழ்வே இல்லாத இளம் விதவைகள். இருவரும் பேசினார்கள். இரண்டு குறையும் ஒன்றையொன்று தீர்த்தன. எழும்பூரில் ஒரு வீட்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில இளம் விதவைகளோடு இல்லம் ஒன்று தொடங்கியது. பிற்பாடு அது கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. இன்று விவேகானந்தர் இல்லம் எனப்படுவது அதுவே.

அங்கே படித்த பெண்கள் என்ன ஆனார்கள்? அநேகர் ஆசிரியைகள் ஆனார்கள். அபசகுனம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வகுப்பறையில் நின்று பாடம் சொன்னார்கள். அவர்களிடம் படித்த சிறுமிகள் வளர்ந்து மேலும் பலருக்குக் கற்பித்தார்கள். 1922ல் லேடி வில்லிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் பொறுப்பும் சகோதரியிடமே வந்தது. 1969ல் அவர் மறைந்தார்.

அவ்வில்லத்துக்கு ஒரு குறையும் இருந்தது. முதலில் பிராமண விதவைகளுக்கே அதன் கதவு திறந்தது. இதைச் சொல்லக் காரணம், நல்ல காரியம் செய்கிறவர்களும் தம் சுவர்களைத் தாமே காணாமலிருக்கக்கூடும் என்பதே. நம் இளம்பெண்கள் குழுவிலும் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்களா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். வயற்காட்டுக் குடியிருப்பிலிருந்து இதுவரை ஒருத்திதான் வருகிறாள்.

நாற்காலி மட்டும் போதுமா?

"இப்பதான் சட்டமே இடம் குடுத்திருக்கே சாமி" என்று சிலர் சொல்லலாம். உண்மை. 1992ல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016ல் அது சரிபாதி ஆக்கப்பட்டது. பெரிய காரியம். ஆனால் நாம் கண்ணாரக் காண்பது என்ன? மன்றத்தில் மனைவி பெயர்ப்பலகை. பக்கத்து நாற்காலியில் கணவர். கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்கிறார். கோப்பை அவர் படிக்கிறார். அம்மையார் காட்டிய இடத்தில் கையொப்பமிடுகிறார். எல்லா ஊரிலும் அப்படி என்று சொல்லவில்லை. ஆண்களை மிஞ்சி நிர்வாகம் செய்யும் தலைவிகளை நாம் அறிவோம். ஆயினும் சட்டம் நாற்காலியைத்தான் கொடுக்கமுடியும். அதில் நிமிர்ந்து உட்காரும் பழக்கத்தைப் பன்னிரண்டு வயதிலிருந்து வீடும் பங்கும் பள்ளியுமே கொடுக்கவேண்டும். நாற்பது வயதுவரை வாயைத் திறக்கவிடாமல் வைத்திருந்து, ஒரு நாள் திடீரென்று ஒலிபெருக்கியை நீட்டினால் அவள் என்ன பேசுவாள்?

நம் அன்னை மரியாளும் ஓர் இளம்பெண்ணே. தன் வாழ்வையே புரட்டிப்போட்ட செய்தி வந்தபோது அவர் விரைந்து போனது எங்கே? மலைநாட்டிலிருந்த எலிசபெத்தம்மாளிடம். வயதில் மூத்தவர், உறவினர், துன்பம் அறிந்தவர். ஏறத்தாழ மூன்று மாதம் அங்கே தங்கினார். அந்த மூன்று மாதத்தில் முதியவள் இளையவளுக்கு என்னென்ன சொல்லியிருப்பாள் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. நம் பிள்ளைகளுக்கு அப்படிப் போய் நிற்க ஒரு வீடு உண்டா?

நம் பங்கில் நடந்தது

உண்டு என்று சொல்ல இப்போது சிறிது துணிவு வந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்குமுன் இளம்பெண்கள் குழுவைத் தொடங்கியபோது பதினொரு பேர்; இன்று இருபத்தாறு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர், தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் ஆகிய மூன்று தாய்மார் அவர்களுக்குத் துணை. இம்முறை நாம் மேசைமேல் எந்தத் தாளையும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை என்று நமக்கு நாமே விதித்துக்கொண்டோம். வடக்குத் தெருவில் விளக்கு எரியாதபோது மனு எழுதியவர்கள் அவர்களே. ஊராட்சி அலுவலகத்துக்கு இரண்டு முறை போய்த் திரும்பியவர்களும் அவர்களே. விளக்கு எரிய ஏழு வாரம் ஆயிற்று. நாம் போயிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கலாம். மிகுந்த சிரமத்தோடு கையைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் நடந்தது. எந்தத் தெரு, எந்த ஆண்டு என்று சொல்லப்போவதில்லை. பதினொன்றாவது படிக்கும் ஒரு பெண்ணுக்கு வீட்டில் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். வயது பதினாறு. தகப்பனாருக்குக் கடன், மாப்பிள்ளை வீட்டார் நகை வேண்டாம் என்றார்கள், அவர் தடுமாறிவிட்டார். அவரைக் கெட்டவர் என்று நாம் சொல்லமாட்டோம். பெண் அழுதுகொண்டு தோழியிடம் சொன்னாள். தோழி தன் துணைத் தாயிடம் சொன்னாள். அந்த அம்மையார் இன்னும் இரண்டு தாய்மாரோடு மூன்று நாள் மாலையில் அவ்வீட்டுக்குப் போனார். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டு நிறையவேண்டும் என்பதை எடுத்துச் சொன்னார்கள். கேட்காவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அதோடு நின்றுவிடாமல், கடனைத் தவணையில் அடைக்கச் சுயஉதவிக் குழு வழியாக ஓர் ஏற்பாடும் செய்தார்கள். திருமணப் பேச்சு நின்றது. பெண் பள்ளிக்குப் போகிறாள்.

இச்செய்தி நமக்கு எட்டியது எல்லாம் முடிந்த பிறகுதான். "ஏம்மா, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?" என்று கேட்டோம். "உங்களுக்கு எதுக்கு சாமி அலைச்சல்? நாங்களே பாத்துக்கிட்டோம்" என்றார் அந்த அம்மையார். இருபது ஆண்டுக்குமுன் நாம் சொன்ன அதே சொல்! அன்றிரவு நன்றாக உறங்கினோம்.

நாம் வேண்டுவது

பொன்விழா ஆண்டில் உங்களிடம் நான்கு காரியங்களை வேண்டுகிறோம்.

முதலாவது, மெய்யான பொறுப்பு. பெண்பிள்ளைகளுக்கு வரவேற்பு நடனமும் தட்டேந்துதலும் மட்டும் கொடுத்து மனநிறைவு அடையவேண்டாம். திருவிழாக் கணக்குப் புத்தகத்தை அவர்கள் எழுதட்டும். பங்குப் பேரவைக் கூட்டத்தில் இருவர் அமர்ந்து குறிப்பெடுக்கட்டும், கருத்தும் சொல்லட்டும். கணக்கில் தவறு வரும். நம் ஆண்களின் கணக்கில் தவறே வந்ததில்லையா? பழைய பேரேடுகளைப் பார்த்தவர்கள் நாம். அதிகம் பேசாமல் விடுகிறோம்.

இரண்டாவது, நேரம். பள்ளி விட்டு வந்ததும் அண்ணன் தம்பி பந்து விளையாடப் போகிறார்கள். பெண் தண்ணீர் எடுத்து, பாத்திரம் துலக்கி, தம்பிக்குச் சோறு போட்டபின் புத்தகத்தை எடுக்கிறாள். அப்போது கண் சொருகுகிறது. அவள் ஊருக்கு உழைக்கவேண்டுமானால் வீட்டில் அவள் சுமையைப் பையன்கள் பகிரவேண்டும். தாய்மார்களே, இது உங்கள் கையில்தான் இருக்கிறது. பையன் தட்டைக் கழுவினால் கை தேய்ந்துவிடாது.

மூன்றாவது, பாதுகாப்பு. இதை வெளிப்படையாகவே சொல்கிறோம். பிள்ளைகளை வழிநடத்த வருபவர் யாராயினும், குருவானவராயினும், தனியறையில் கதவடைத்துப் பேசக்கூடாது. கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, யார் பொறுப்பு என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பெண்பிள்ளை ஒருத்தி வந்து "அவர் நடந்துகொண்டது சரியில்லை" என்று சொன்னால், அவள் வாயை அடைப்பது பாவம். சட்டப்படிக் குற்றமும் ஆகலாம். சிறுவர்களைப் பாதுகாக்க 2012ல் வந்த போக்சோ சட்டத்தை நம் துணைத் தாய்மார் எல்லாரும் படித்திருக்கவேண்டும். நம்பிக்கையில்லாத இடத்தில் எந்தப் பெற்றோரும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது.

நான்காவது, துணைத் தாய்மார். இருபத்தாறு பிள்ளைகளுக்கு மூவர் போதாது. இன்னும் ஒன்பது பேர் வேண்டும். பெரிய படிப்பு வேண்டியதில்லை. வாரம் ஒரு மாலை. ஒருவருக்கு இரண்டு, மூன்று பிள்ளைகள். அவர்கள் சொல்வதைக் கேட்கவேண்டும். வங்கிக்கு, தபாலாபீசுக்கு, தாலுகா அலுவலகத்துக்கு முதல்முறை கூடப் போகவேண்டும். இரண்டாம்முறை வாசலில் நிற்கவேண்டும். மூன்றாம்முறை வீட்டில் இருக்கவேண்டும். பதினெட்டு நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய பெண்ணைக் கிராம சபைக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவேண்டும். அவள் எழுந்து பேசும்போது சேலையைப் பிடித்து இழுக்காமலிருக்கவேண்டும். அவ்வளவுதான்.

"பொம்பளப் பிள்ளை ஆபீஸ் படியேறி வழக்குப் பேசினா யாரு சாமி கட்டிக்குவா?" என்று ஒரு பாட்டி நம்மிடம் கேட்டார். சிரிக்கவில்லை, அந்தக் கவலை உண்மையானது. அவருக்கு நாம் சொன்ன பதில் இது: "பாட்டி, உங்க வீட்டுக்காரர் செத்தப்போ, வாரிசுச் சான்றிதழ் வாங்க நீங்க எத்தனை நாள் அலைஞ்சீங்க? யாரு கூட வந்தா?" சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எம் பேத்தியைச் சேத்துக்கங்க சாமி" என்றார். அப்பேத்தி இதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறாள்.

பெண்மக்களே, உங்களுக்கு ஒரு சொல். நீங்கள் தலைவியாவது மேடையில் நிற்பதற்காக அன்று. உங்களுக்குப் பின்னால் ஒருத்தி வருகிறாள். உங்களைவிட நான்கு வயது இளையவள். உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் கற்றது எதுவாயினும் ஒரு மாதத்துக்குள் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தப் பதினான்கு வயதுச் சைக்கிள்காரியைப்போல.

கடைசியாக, மறைக்கவேண்டாத ஒரு செய்தி. இப்பங்கில் நம் காலம் முடியப்போகிறது. வரும் மே மாதம் மாற்றல் ஆணை வரும் என்று எல்லாரும் அறிவீர்கள். நமக்குப்பின் வருகிறவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அவருக்கு வேறு நாட்டம் இருக்கலாம். குருக்கள் வருவார்கள், போவார்கள். அன்று அந்தப் பேருந்து நம்மோடு வந்து நம்மோடு போயிற்று. இக்குழுவும் அப்படியே போகுமா, நிற்குமா என்பதை நாம் முடிவு செய்ய இயலாது. தாய்மார்களே, நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். ஒன்பது கோடுகள் போட்டு வைத்திருக்கிறோம். நம் மேசைக்கு அதைக் கொண்டுவர வேண்டாம். ஆசிரியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்பங்கின் நூற்றாண்டு விழா மலரை நம்மில் பலர் பார்க்கமாட்டோம். பார்க்கிறவர்கள் அதிலுள்ள பட்டியலைப் புரட்டும்போது, நம்மைப்போலத் தேடிச் சலிக்காதிருக்கவேண்டும். இறைவன் உங்கள் இல்லங்களையும், இல்லங்களின் விளக்குகளாகிய பெண்மக்களையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.